பையைத் தரையில் வைக்கக் கூடாது

சூரியன் மறையாத பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், மதுரை ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், ஒச்சாண்டியின் இரண்டு கெண்டைக்கால்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. வலது காலில் பெருவிரல் நகம் இல்லை. மற்றபடி சாம்ராஜ்யத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

இதை ஒச்சாண்டி தானாக யோசித்துச் சொல்லவில்லை. மேட்டுக்களத்துப் போஸ்ட் மாஸ்டர் தங்கபாண்டி வாத்தியார் சொன்னது. தேவாரத்துக்கு மேற்கே, மலை எழும்புகிற இடத்தில் இருந்தது மேட்டுக்களம். அங்கே பள்ளிக்கூடமும் தபாலாபீஸும் ஒரே கட்டிடம்; வாத்தியாரும் போஸ்ட் மாஸ்டரும் ஒரே ஆள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லும்போது வேட்டி துண்டோடு இருப்பார். தபால் பையைக் கட்டும்போது மேலே ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்வார். கோட்டு ஏறியதும் குரலும் ஏறிவிடும்.

“ஒச்சாண்டி, நீ யாரு?”

“ரன்னருங்கய்யா.”

“ரன்னர்னா?”

“சர்க்காரோட காலுங்கய்யா.”

“காலு வழியில நிக்கலாமா?”

“நிக்கக் கூடாதுங்கய்யா.”

“பை?”

“தரையில வைக்கக் கூடாதுங்கய்யா.”

வாரத்தில் ஆறு நாள், ஒன்பது வருஷமாக இந்தக் கேள்வி பதில் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஒச்சாண்டி வாய் திறக்கும் முன்பே பின் வரிசையிலிருந்து பதில் வந்துவிடும்.

அடுத்தது பூட்டு. பையின் வாயைச் சுருட்டி, இரும்பு வளையத்தைக் கோத்து, அதில் பித்தளைப் பூட்டை மாட்டுவது. பூட்டு எலுமிச்சம்பழத்தளவு இருக்கும். வாரம் ஒரு தடவை வாத்தியார் சம்சாரம் புளி போட்டு விளக்கிவைப்பார். வாத்தியார் அரைஞாணில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்ததும், “திரும்பு” என்பார். பூட்டும்போது ரன்னர் பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதி எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒச்சாண்டி மலையைப் பார்த்துத் திரும்பி நிற்பான். முதுகுக்குப் பின்னால் ‘கடக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

நெஞ்சு நிமிர்வதற்குக் காரணம் இருந்தது. ஒச்சாண்டியின் சாதிசனம் முழுக்கச் சர்க்காரின் கைரேகைப் புத்தகத்தில் இருந்தது. அவர்கள் பிறந்ததே திருடுவதற்குத்தான் என்று சட்டம் சொன்னது. மீசை அரும்பிய வயதில் அவனுடைய பத்து விரலையும் மையில் முக்கி எடுத்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தால் ஊர்ச் சாவடியில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போவதானால் மணியக்காரரிடம் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மாமன் செத்தாலும் ராதாரி, மச்சானுக்குக் கல்யாணமானாலும் ராதாரி.

அப்படிப்பட்டவன் தபால் ரன்னர் ஆனதற்கு ஒரு யானைதான் காரணம். முந்தைய ரன்னரை அது நாலாம் மைலில் மிதித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஒருவனும் வரவில்லை. மலை மேலே ஆனைக்கல் தோட்டத்துத் துரைக்கோ சீமையிலிருந்து குதிரைப் பந்தயப் பத்திரிகை வந்தாக வேண்டும். எங்கெங்கோ எழுதி, யார் யாரோ கையெழுத்துப் போட்டு, கடைசியில் ஒச்சாண்டியின் இடுப்பில் பித்தளை வில்லை ஏறியது. வில்லையும் பையும் மணி கட்டிய ஈட்டியும் இருக்கிற வரையில் அவனுக்கு மலைமேல் தபாலாபீஸ் வரையிலான ஏழு மைலுக்கு ராதாரி வேண்டாம். அவன் கையை நம்பாத சர்க்கார் காலை நம்பியது.

இந்த நம்பிக்கைக்கு ஒச்சாண்டி கொஞ்சம் கூடுதலாகவே தகுதியாக இருந்தான். வழியில் யாராவது வெற்றிலை நீட்டினால், “பையோட இருக்கேன்” என்பான், சாமி வந்தவன் மாதிரி. சுமைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடத் தாமதித்தால் ஈட்டியை ஆட்டி மணியைக் குலுக்குவான். “ஒதுங்குங்கடா, லாட்டுத் துரை போறாக” என்று அவர்கள் நக்கலடித்துக்கொண்டே பாறையோரம் ஒட்டிக்கொள்வார்கள்.

ஏற்றத்தில் முதல் மைல் புளியமரமும் வேலிக்கருவையும். இரண்டாம் மைலோடு செருப்பால் தேய்ந்த மண் பாதை முடிந்து கல் தொடங்கும். நாலு எட்டுக்கு மூச்சை இழுத்து நாலு எட்டுக்கு விடுவான். மூன்றாம் மைலில் முழங்கால்முறிச்சான் என்கிற வளைவு. அங்கே மூச்சு இரண்டு எட்டுக்கு வந்துவிடும். நாலாம் மைலில் மூங்கில். யானைச் சாணியில் ஆவி பறந்தால், யானை பக்கத்தில்தான் என்று, முனகிக்கொண்டு வந்த பாட்டை நிறுத்தி மணியை மட்டும் குலுக்குவான். அப்புறம் மஞ்சு இறங்கும், கால் விரல் இடுக்கில் அட்டை ஏறும், ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாக, வாய்க்கால் வாய்க்காலாக, பளபளவென்று கிடக்கும் என்று துரைமார்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைத் தூக்கியவனுக்கு ஏறும்போது அது முதுகுப் பக்கம் இருந்தது. இறங்கும்போது கண் காலடியில் இருந்தது.

ஐந்தாம் மைலில் தோட்டத்து லயம். பாதையை ஒட்டி வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டில் அவன் பெண்டாட்டி மொக்கம்மாள் இருந்தாள். மேட்டுக்களத்தில் வேலை இல்லாததால் ஏலத்துக்குக் களை வெட்ட வந்தவள். ஒச்சாண்டி அவளோடு வந்து தங்க முடியாது. பொழுது சாய்ந்தால் கீழே சாவடியில் பேர் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணியக்காரர் ராதாரி எழுதித் தருவார்.

மற்ற ஆறு நாளும் அவர்கள் குடும்பம் நடத்தியது இருபது எட்டில். மணிச் சத்தம் கேட்டதும் மொக்கம்மாள் சுரைக்குடுவையில் கூழோடு பாதையில் வந்து நிற்பாள். அவன் நிற்க மாட்டான். அவளும் கூடவே ஓடுவாள். ஓடிக்கொண்டே குடுவையை அவன் வாயில் சாய்ப்பாள். அவன் ஓடிக்கொண்டே குடிப்பான். நல்லது கெட்டது, ஆடு குட்டி போட்டது, கங்காணி ஏசியது, எல்லாம் அந்த இருபது எட்டுக்குள் பேசி முடிக்க வேண்டும். பாதையோரத்து ஆத்திமரத்தோடு அவள் நின்றுவிடுவாள். பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள், “ஏ ஆத்தா, பொழுதன்னைக்கும் ஓட்டமும் ஊட்டுமா? புள்ள கிள்ள பெத்தா அதையும் ஓடிக்கிட்டுத்தான் பெப்பியாக்கும்” என்பாள். மொக்கம்மாளுக்குச் சிரிப்பில் இரைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மழை விட்ட வாரம், திங்கட்கிழமை. மொக்கம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். பத்தாவது எட்டில் குடுவை கையிலிருந்து நழுவியது.

“என்ன புள்ள?”

“குளுரு” என்றாள். அதற்குள் ஒச்சாண்டி ஆத்திமரத்தைத் தாண்டிவிட்டான்.

திரும்பி இறங்கும்போது அவள் இல்லை. சங்கிலியம்மாள்தான் பாதையில் நின்றாள். “மலைக்காச்சல்டா. பல்லு கிட்டுது. டிரசர் வந்து நெத்தியில டிஞ்சர் தடவிட்டுப் போயிட்டாரு. கொய்னா தீந்துபோச்சாம். கீழ வாங்கியா!”

தோட்டத்து டிரசர் காய்ச்சலுக்கும் டிஞ்சர் தடவுவார், கடுப்புக்கும் டிஞ்சர் தடவுவார். பெட்டியில் வேறு எதுவும் இல்லை. மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை அந்தக் காலத்தில் தபாலாபீஸிலேயே பொட்டலமாக விற்றார்கள். வாத்தியாரிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒச்சாண்டிக்கு அது தெரியும். அதனால் அவன் பயப்படவில்லை. சர்க்காரிடம் மருந்து இருக்கிறது, சர்க்காரின் கால் அவனிடம் இருக்கிறது.

கீழே வந்து பையை ஒப்படைத்து வில்லையைக் கழற்றியதும், பையில்லாத ஒச்சாண்டி வெறும் பத்து விரல் ரேகை. அன்றைக்கே கொய்னாவோடு மலை ஏற வேண்டுமானால் ராதாரி வேண்டும். மணியக்காரர் வீட்டுக்குப் போனான். அவர் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு மார்க்கையன்கோட்டை போயிருந்தார். சனிக்கிழமை பொழுதுக்குத்தான் வருவார்.

புளியமரத்தடியில் ஏசுதாசன் சுமையை இறக்கிவைத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். அரிசி மூட்டையோடு ஏறுவான், ஏலக்காயோடு இறங்குவான். அவன் சுமைக்குள் அரிசி மட்டும் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. கருவாடு, மூக்குப்பொடி, யாருக்கோ வளையல், யாருக்கோ தாயத்து, ஒரு தடவை உயிரோடு ஒரு கோழி.

“எடோ ஒச்சாண்டி, வாங்கி என் கையில தா. ஞான் நாளைக்குக் காலத்தே அந்த லயம் வழிதானே போகுது. கொடுத்துட்டுப் போகாம்” என்றான் ஏசுதாசன்.

ஒச்சாண்டி யோசித்தான். யோசித்தது ஏசுதாசனின் கையைப் பற்றி. அந்தக் கையில் கருவாட்டு நாற்றம் இருந்தது. மணி இல்லை, வில்லை இல்லை, பூட்டு இல்லை.

“வேணாம்ப்பா. ஆத்தர அவசரத்துக்குக் கண்டவன் கையில குடுத்துவிடுற சாமானா அது? சர்க்கார் மருந்து.”

ஏசுதாசன் வெற்றிலையைத் துப்பினான். “சர்க்காரு மருந்து, செரி. காய்ச்சலு யாரோடது?”

செவ்வாய்க்கிழமை காலையில் ஒச்சாண்டி ஒரு பொட்டலம் கொய்னா கேட்டான். வாத்தியார் கோட்டை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்து, மேசைமேல் ஒன்றை எடுத்து வைத்தார். ஒச்சாண்டி அதை எடுத்து மடியில் செருகினான்.

“ஏலே, எங்கன வைக்கிற?”

“மடியிலங்கய்யா. எம் பொண்டாட்டிக்கு. மேல லயத்துல காச்சலாக் கெடக்கா. போற வழியில…”

“ரன்னர் மடியில என்ன இருக்கலாம்?”

“ஒண்ணும் இருக்கக் கூடாது!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

வாத்தியார் அவர்களைக் கையமர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். “சனிக்கெழம இன்ஸ்பெக்டர் வர்றாக. ஒன்பது வருசம், ஒரு நா தாமசம் இல்ல, ஒரு முத்திரை கலையல. ஒன் பேரை ரேகைப் புத்தகத்துல இருந்து எடுக்கச் சொல்லி அவுகட்ட எழுதி வாங்கப்போறேன். இந்த நேரம் பாத்து ஒன் மடியில சர்க்கார் கொய்னா இருந்தா, வாங்கினதும்பாகளா, எடுத்ததும்பாகளா?”

ஒச்சாண்டிக்கு இதற்குப் பதில் தெரியும். அவன் அப்பனுக்கும் தெரியும். வில்லை போனால் மலை போகும். மலை போனால் அந்த இருபது எட்டும் போகும். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். எடுத்தவன் வெளியே ஓடி, ஏசுதாசனைத் தேடிப் பிடித்து அதைக் கொடுத்திருக்கலாம். ஒச்சாண்டியோ நெஞ்சை நிமிர்த்தினான்.

“அப்பத் தபால்ல அனுப்புங்கய்யா.”

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்துக்கிடுங்கடா, இவன் மனுசன்” என்று பிள்ளைகளிடம் சொன்னார். பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, தனக்குத் தெரிந்த நல்ல கையெழுத்தெல்லாம் சேர்த்து விலாசம் எழுதினார்: ஒச்சாண்டி சம்சாரம் மொக்கம்மாள், மூன்றாம் லயம், ஆனைக்கல் தோட்டம். தபால்தலையை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். பொட்டலம் பைக்குள் போயிற்று.

“திரும்பு.”

ஒச்சாண்டி மலையைப் பார்த்து நின்றான். ‘கடக்.’

அன்றைக்கு அவன் ஓடியதுபோல் என்றைக்கும் ஓடியதில்லை. முழங்கால்முறிச்சானில் கூட மூச்சு நாலு எட்டிலேயே இருந்தது. முதுகில் பை குலுங்குகிறபோதெல்லாம் உள்ளே அந்தப் பொட்டலம் எங்கே கிடக்கிறது என்று முதுகாலேயே தேடினான். ஐந்தாம் மைலில் மொக்கம்மாள் வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று பார்த்தாள். சங்கிலியம்மாள்தான் ஓடிவந்தாள்.

“கொண்டாந்தியா?”

“கொண்டாந்துட்டேன்!”

“எங்கன? குடு!”

“தபால்ல வருது!” என்று ஓடிக்கொண்டே பையைத் தட்டிக் காட்டினான்.

சங்கிலியம்மாள் ஆத்திமரம் வரை கூட ஓடினாள். “ஏலே, பை ஒன் முதுகுலதானடா இருக்கு?”

“முதுகுலதான் இருக்கு. ஆனா தபால்ல இருக்கு!”

இரண்டு மைல் தள்ளி, தோட்டத்து ஆபீஸோடு ஒட்டியது மேல் தபாலாபீஸ். அங்கே பிச்சைமணி என்கிற குமாஸ்தா. அவர் பை திறக்கும்போதும் ரன்னர் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்வார். ஒச்சாண்டி வெளியே நின்று வேர்வையை உலர்த்தினான். கதவு திறந்ததும், “சாமி, மூணாம் லயத்துக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கும். எம் பொண்டாட்டிக்கு. இறங்குறப்ப நானே குடுத்துருதேன்” என்றான்.

பிச்சைமணி பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். விலாசத்தின் எழுத்தழகை மெச்சினார். பிறகு அதைச் சுவர்ப் பெட்டியில், மூன்றாம் லயம் என்று எழுதிய குழிக்குள் வைத்தார்.

“கொண்டாறது ஒன் வேலை. பட்டுவாடா வேற வேலை. சனிக்கெழம லயத்துல அரிசி போடுறப்பக் குடுத்துவிடுவோம்.”

“அவ காச்சலாக் கெடக்கா, சாமி.”

“அவசரம்னா அந்தம்மா நேர்ல வரட்டும். ரேகை வச்சிட்டு வாங்கிக்கிடட்டும்.”

குழிக்கும் ஒச்சாண்டிக்கும் நடுவே ஒரு கம்பி ஜன்னல் மட்டும் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தக் கையின் பத்து விரலும் மதுரையில் ஒரு பீரோவுக்குள் இருந்தன.

புதன்கிழமை மொக்கம்மாள் குடுவையோடு பாதைக்கு வந்துவிட்டாள். அவள் வராமல் இருந்திருக்கலாம். ஐந்து எட்டு ஓடினாள். குடுவை அவன் வாய்க்குப் பதில் தோளில் சாய்ந்தது. கூழ் பைமேல் ஒழுகியது. ஒச்சாண்டி பதறிப்போய், “பை, பை” என்று கத்தினான். அதுதான் அன்றைக்கு அவன் அவளிடம் பேசியது. வாயில் வந்தது அவ்வளவுதான். ஆத்திமரம் தாண்டியபிறகு இன்னும் பல நல்ல வார்த்தைகள் நினைவுக்கு வந்தன.

மத்தியானம் சங்கிலியம்மாள் கங்காணியிடம் கெஞ்சி, அரை நாள் கூலியை விட்டு, இரண்டு மைல் ஏறிப் பிச்சைமணியிடம் போனாள்.

“நீ மொக்கம்மாளா?”

“இல்ல சாமி, நான் சங்கிலி. மொக்கம்மா எந்திரிக்க மாட்டாமக் கெடக்கா.”

“அப்ப எந்திரிச்சதும் வரச் சொல்லு.”

இதை வியாழக்கிழமை ஒச்சாண்டியிடம் சொல்லி, ஓடிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள் சங்கிலியம்மாள். “நான்தான் மொக்கம்மான்னு ஒரு பொய்யச் சொல்லியிருந்தா குடுத்திருப்பாருடா. அந்தாளுக்கு எங்க மூஞ்சியா தெரியும்? வாய்ல வரலியே!”

“பொய் சொல்லலாமா, சர்க்கார்ட்ட?” என்றான் ஒச்சாண்டி. சொல்லிவிட்டு, அவள் ஏன் சொல்லவில்லை என்று ஏழாம் மைல் வரை அவளைத் திட்டிக்கொண்டே ஓடினான். இறங்கும்போது தன்னைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் வாத்தியாருக்கு மாறி, கடைசியில் யாரையும் திட்டத் தெம்பில்லாமல் மேட்டுக்களம் சேர்ந்தான்.

புளியமரத்தடியில் ஏசுதாசனைத் தேடினான். அவன் மலை ஏறி இறங்கி, புதன்கிழமையே ஏலக்காய்ச் சுமையோடு போடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். டப்பாவில் இன்னும் கொய்னா இருந்தது. இன்னொரு பொட்டலம் வாங்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டான்.

“வாங்கலாமே” என்றார் வாத்தியார். “தபால்ல அனுப்பிருவோம்.”

வெள்ளிக்கிழமை மஞ்சு கனமாக இறங்கியிருந்தது. பத்து அடிக்கு முன்னால் தெரியவில்லை. லயத்துக்கு அருகே மணியைக் குலுக்கியபோது எதிரே ஓர் உருவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையின் நடுவே நின்றது. ரன்னரை வழிமறிப்பது குற்றம். அதற்குத் தண்டனை உண்டு.

“நில்லுடா” என்றாள் சங்கிலியம்மாள். “ஒரு எட்டு உள்ள வந்து பாத்துட்டுப் போ. ஒன்னையத்தான் கேக்குறா. மணிச் சத்தம் கேட்டுருச்சான்னு கேக்குறா. ராவெல்லாம் அதே கேள்வி.”

“ஒதுங்கு, சங்கிலி. பையோட இருக்கேன்.”

“பையத் தூக்கிப் போடுடா!”

“நாளைக்குப் பொட்டலம் வந்துரும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாக. ஒரு நா. ஒரே ஒரு நா.”

அவள் கையை மடக்கவில்லை. ஒச்சாண்டி பாதையை விட்டு இறங்கி, ஈரப் பாறையில் ஒரு காலை வைத்து, அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஒன்பது வருஷத்தில் அவன் செய்த மிகத் திறமையான ஓட்டம் அதுதான். பை பாறையில் உரசக்கூட இல்லை. வீட்டுக்குள் கிடந்தவளுக்கு மணிச் சத்தம் கேட்டிருக்கும். வரவரப் பெரிதாகி, அப்புறம் சிறிதாகி, அப்புறம் மஞ்சுக்குள் போய்விட்டிருக்கும்.

திரும்பி வந்தபோது லயத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. அங்கே அவன் நின்றான். ஈட்டியைக் கூரைத் தகரத்தில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனான். பையை யாரிடமும் கொடுக்கக் கூடாது, தரையில் வைக்கவும் கூடாது. தோளில் பையோடேயே குனிந்து மொக்கம்மாளைப் பார்த்தான். குனிந்ததும் பை முன்னால் சரிந்து அவள் நெஞ்சுமேல் விழப் பார்த்தது. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கண்ணை மூடினான். மூடி இருந்த கண்ணைத்தான் மூடினான். எல்லாம் சங்கிலியம்மாள் முன்பே செய்துவிட்டிருந்தாள்.

அந்திக்குள் அடக்கம் செய்தார்கள். ஒச்சாண்டி இல்லை. அவன் கீழே சாவடியில் பேர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் தேவாரத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தார். மேல் ஆபீஸையும் பார்ப்பதாகத் திட்டம். மேட்டுக்களத்தில் வண்டியிலிருந்து இறங்கி, குடையை மடக்கி, மலையை அண்ணாந்து பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. மோர் குடித்துவிட்டு, “மேலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்” என்று தீர்மானித்தார். ஒச்சாண்டி இறங்கி வந்து சேர்ந்தபோது அவர் வாத்தியாரின் நாற்காலியில் உட்கார்ந்து நேரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பையையும் பூட்டையும் தூரத்திலிருந்தே பார்த்து, “நல்ல பளபளப்பு” என்றார்.

பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார். “நேற்று நாற்பத்திரண்டு நிமிஷம் தாமதம். ஏன்?”

“அவன் சம்சாரம் தவறிட்டாக, சார்” என்றார் வாத்தியார். கோட்டு போட்டிருந்தும் அவர் குரல் ஏறவில்லை.

“அடடா” என்றார் இன்ஸ்பெக்டர். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு, காரணம் என்கிற கட்டத்தில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதினார். கைரேகைப் புத்தகத்திலிருந்து பேர் எடுக்கிற சிபாரிசைப் பற்றி வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தாமதம் இல்லாத வருஷமாக இருக்க வேண்டும், பாருங்கள். அடுத்த வருஷம் ஞாபகப்படுத்துங்கள்.”

அதே நேரத்தில் மேலே லயத்து முற்றத்தில் அரிசி போட்டார்கள். கணக்குப்பிள்ளை பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, “மொக்கம்மாள்” என்று மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது விதி. சங்கிலியம்மாள், “நான்தான்” என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். பொட்டலம் பிச்சைமணியிடமே திரும்பிப் போயிற்று. அவர் அதன்மேல் குறுக்கே எழுதினார்: விலாசதார் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்.

ஞாயிற்றுக்கிழமை மணியக்காரர் கேட்காமலே ராதாரி எழுதிக் கொடுத்தனுப்பினார். ஒச்சாண்டி போகவில்லை. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலையில் வாத்தியார் கேள்வி கேட்கவில்லை. “திரும்பு” என்று மட்டும் மெல்லச் சொன்னார். ஒச்சாண்டி திரும்பினான். ‘கடக்.’ ஏறினான். சனிக்கிழமையைப் போலவே, ஏறும்போது லயத்துப் பக்கம் பார்க்கவில்லை. மேலே பிச்சைமணி பையை நீட்டும்போது, “ஒம் பொட்டலம் இதுலதான் வருது. கீழ ரேகை வச்சிட்டு வாங்கிக்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இறங்கி வந்தான். ஆத்திமரத்துக்கு இந்தப் பக்கம், பாதையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, புது மண் மேடு. மேலே முள் வைத்து, முள் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். கல்லின் மேல் சுரைக்குடுவையைக் கவிழ்த்திருந்தார்கள்.

ஒச்சாண்டியின் கால் தானாக நின்றது. மணி ஒரு தடவை குலுங்கி ஓய்ந்தது. அவன் பாதையை விட்டு இறங்கி, மேட்டின் அருகில் போய், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தோளிலிருந்து பையைக் கழற்றித் தரையில் வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை. யாரும் ஓடி வரவில்லை. சாம்ராஜ்யம் பாட்டுக்கு இருந்தது.

வைத்தபோது பூட்டு ஒரு கல்லில் மெல்லத் தட்டியது. தட்டியதும் வாயைத் திறந்துகொண்டது. பையின் வாய் சுருக்கம் விட்டு விரிந்தது. மேலாகவே இருந்தது அந்தப் பொட்டலம், வாத்தியாரின் அழகான எழுத்தில் மொக்கம்மாள் பேரோடு.

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. பூட்டை எடுத்தான். அமுக்கினான். ‘கடக்.’ இழுத்தான். திறந்தது. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் இழுத்தான். சாவி போடும் துவாரத்தில் புளிச்சக்கை அடைத்துக் காய்ந்திருந்தது.

பூட்டுக்குள் இருக்கும் சுருள்வில் உடைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் வேறு பூட்டுக்கு எழுதிப்போடவில்லை.